பிழையற்ற வாக்குமூலம்

அம்பலத்தில் ஆடும் ஐயனே, பதிகம் ஓதும் என் நாவில் அறுபது ஆண்டுகளாகப் பிழை வாராது காத்தாய். என் தம்பியின் நாவில் ஒரேயொரு பிழையைத் தந்திருக்கலாகாதா?

மார்கழித் திருவாதிரை நன்னாளாகிய இன்று, லண்டன் லூயிஷாமில் கோவில் தரிசனம் முடித்து வந்து இதை எழுதுகிறேன்.

இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், என்னிலும் எட்டு வயது இளைய தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்து என்னோடு தங்கினான். அங்கே இராணுவம் அவனைப் பிடித்துச் சென்றதும், அடைத்து வைத்து வதைத்ததும் முழு உண்மை. அதை அகதி விண்ணப்ப நேர்காணலில் அவன் சொல்ல வேண்டும். இளமையில் பதிகங்களுக்கு அடுத்தபடியாக நான் விரும்பிப் படித்தவை உளவாளிக் கதைகள். அவற்றில் அகப்பட்டவன் தடுமாறினால் செத்தான். ஓரெழுத்தும் பிசகாமல் சொன்னால் பிழைத்தான். ஆகவே தம்பியின் துயரத்தை, விண்ணப்பத்தோடு கொடுக்கும் வாக்குமூலமாகப் பந்தி பந்தியாக எழுதி, பதிகம் பாடமாக்கும் முறையிலேயே அடியடியாக அவனுக்குப் பாடமாக்கினேன்.

“தாளம் மட்டும்தான் குறை அண்ணை,” என்று சிரித்தான். “ஒரு சோடி கொண்டு போகட்டோ?”

“பகிடி விடாமல் மூண்டாம் பந்தியைச் சொல்லு.”

நேர்காணல் முடிந்து வந்தவன், “ஒரு சொல்லும் தவறேல்லை,” என்றான். மறுப்புக் கடிதம் வந்தது. வாய்மொழியும் எழுத்து வாக்குமூலமும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருப்பதால், இது கற்பிக்கப்பட்ட கதையாகத் தோன்றுகிறதாம். மேல்முறையீட்டுக்கு மூன்று வாரமே இருந்தது. அதுவும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கடிதத்தை ஏந்திக்கொண்டு கீழ்த்தளத்து ஆங்கில மூதாட்டியிடம் போனேன். உலகப் போரின்போது, எதிரி நாட்டுக்குள் அனுப்பப்படவிருந்த உளவாளிகளைப் பயிற்றிய வீடொன்றில் பணிபுரிந்தவர் அவர். பயிற்சி பெறுவோரை உட்காரவைத்து, எதிரியின் விசாரணைக்காரரைப் போலக் கேள்வி கேட்பது அவர் வேலை.

“ஒரே கதையை மூன்று முறை கேட்போம். மூன்று முறையும் அதே சொற்களில் சொன்னவரை நாங்கள் எதிரி நாட்டுக்குள் அனுப்பவில்லை. உண்மையை நினைத்துச் சொல்பவர் முன்னும் பின்னுமாகத்தான் சொல்வார்,” என்றார்.

நான் படித்த கதைகளைப் பற்றிச் சொன்னேன். அவர் கசப்பாகப் புன்னகைத்தார். “அப்படி எழுதியவர்களில் சிலர் எங்கள் வேலையிலிருந்து போனவர்கள்தான். பாராசூட்டையும் துப்பாக்கியையும் கதைக்குள் எடுத்துப் போனார்கள். தடுமாறப் பழக்கியதை விட்டுவிட்டார்கள். மறதிக்காரக் கதாநாயகனை யார் விரும்பிப் படிப்பார்?”

அன்று தொட்டு, கற்பித்ததை மறக்கடிக்க முயன்றேன்.

“நடுவிலயிருந்து சொல்லு.”

“ஏலாது அண்ணை. முதலடி வந்தால்தான் மற்றது வரும்.”

ஓதிப் பழகிய எனக்கும் அப்படித்தான்.

மேல்முறையீட்டு நாளில் பின்வரிசையில் அமர்ந்து, வாழ்நாளில் முதன்முறையாக, ஒரு பிழை வேண்டி இறைவனை இறைஞ்சினேன். தம்பி சொல்லிக்கொண்டிருக்கையில், அந்த அறையில் வேறு யார் அடைக்கப்பட்டிருந்தார்கள் என்று நீதிபதி இடைமறித்துக் கேட்டார். தம்பி கண்களை மூடினான். முதல் வாக்கியத்திலிருந்து மீண்டும் தொடங்கினான். மொழிபெயர்ப்பாளர் தலை குனிந்தார். நீதிபதி பேனாவை மூடினார்.

முறையீடு தள்ளுபடியானது. அதை அறிவிக்கும் கடிதம் வந்த காலையில் தம்பி அரிசி கழுவிக்கொண்டிருந்தான்.

“பாடம் நல்லாத்தான் இருந்தது அண்ணை. நீங்கள் மனம் நோகாதேங்கோ.”

பிறகு, கையை நீரிலிருந்து எடுக்காமலே பேசினான்.

“அண்டைக்கு ஒரு செருப்புத்தான் என்ர காலில... இல்லை, அது ரெண்டாம் நாள். மற்றதைத் தேடினனான். ஒரு வயசாளி இருமிக்கொண்டே இருந்தவர், அந்த அறையில. பேர் வருதில்லை.”

நான் எழுதிய தாளில் செருப்பும் இல்லை, அந்த வயசாளியும் இல்லை. தம்பி சொன்னதைக் கேட்க அங்கே நான் ஒருவனே இருந்தேன்.

அவனை விமானத்தில் ஏற்றினார்கள். அதன்பின் அவன் குரலை நான் கேட்கவில்லை.

இதைப் படிக்கும் யாவருக்கும் இறைவன் அருள்க. உங்கள் துயரை நீங்கள் தட்டுத்தடுமாறிச் சொல்லும்போது, பொறுத்திருந்து கேட்கும் செவியொன்று உங்களுக்கு வாய்ப்பதாக.