தள்ளினால்தான் ஸ்டார்ட்

மலையில் ஜீப் ஓட்டுவதில் பாதி வேலைதான் ஓட்டுவது. மீதி வேலை, தள்ள ஆள் பிடிப்பது. தள்ளும் வண்டி ஓட்டிப் பிழைத்த என் சக பாவிகளுக்கு இது நன்றாகப் புரியும். எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் ஓர் ஆஸ்பத்திரி ஜீப்புக்கு நான் டிரைவர். 'ஸ்டார்ட்' என்றால் 'தொடங்கு' என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, அதுவே போதும் என்று மலை ஏறியிருந்தேன்.

காலைக் கச்சேரி

பனிக்காலத்தில் ஜீப் லேசில் எழுந்திருக்காது. சாவியைத் திருப்பினால் இருமும், அவ்வளவுதான். சாமைக் கொல்லைக்குப் போகிறவர்களைக் கும்பிட்டுக் கூப்பிடுவேன். அவர்களில் வெள்ளையன் என்பவன் மட்டும் கூப்பிடாமலே வருவான். தள்ளிவிட்டு, இஞ்சின் சத்தம் சீராகும்வரை காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் போவான். உனக்கென்னப்பா இதில் இவ்வளவு அக்கறை என்று ஒருநாள் கேட்டேன். முதல் குழந்தை பிறந்ததும் தங்கவில்லையாம். மனைவி மறுபடி மாசமாக இருக்கிறாளாம். "வலி வந்தா போளூர் போவணும்ங்க. அன்னிக்கு இது ஸ்டார்ட் ஆவணும் இல்ல, அதான் பழக்கி வைக்கிறேன்" என்றான்.

பஸ் போன கதை

சந்தை நாளன்று ஜமுனாமரத்தூர் டீக்கடையில் வெள்ளையன் உட்கார்ந்திருந்தான். மனைவி ஜிலேபி கேட்டாளாம், போளூர் போகிறானாம். பஸ்தான் ஸ்டார்ட் ஆகிவிட்டதே என்றேன். தலையாட்டிவிட்டு நிதானமாக டீயை ஆற்றினான். பஸ் வளைவில் மறைந்தது. கிளம்பிவிட்டது என்ற அர்த்தத்தில் நான் சொன்னேன். அவன் அறிந்த ஒரே வண்டியோ ஸ்டார்ட் ஆன பிறகும் நெடுநேரம் நின்ற இடத்திலேயே உதறிக்கொண்டிருக்கும்.

வெறுங்கையோடு வீடு போனவனை மறுநாள் பார்த்து, மனைவி சமாதானமாகிவிட்டாளா என்று விசாரித்தேன். "இன்னா கெஞ்சியும் ஸ்டார்ட் ஆவலீங்க. நீங்க வந்து ரெண்டு வார்த்த சொல்லுங்க" என்றான்.

பாதி மலையில்

வலி வந்த அன்று ஜீப் முதல் தள்ளலிலேயே கிளம்பியது. குழந்தைக்குத்தான் பொறுமை இல்லை. பாதி மலை இறங்குவதற்குள், ஆஸ்பத்திரியிலிருந்து கூட வந்த நர்ஸம்மா ஓரங்கட்டச் சொல்லிவிட்டார். புடவையை மறைப்பாகக் கட்டிவிட்டு, நானும் வெள்ளையனும் முன்பக்கம் போய் நின்றோம். இஞ்சினை மட்டும் நான் அணைக்கவில்லை, அணைத்தால் அதோகதி. சற்று நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டது என்று குரல் வந்தது. அழுகை வரவில்லை. "வண்டிய நிறுத்துங்க டிரைவர், மூச்சு வருதான்னே கேக்கல" என்றார் நர்ஸம்மா. சாவியைத் திருப்பி அணைத்தேன்.

அந்த அமைதிக்குப் பயந்ததுபோல நான் எதற்கும் பயந்ததில்லை. நர்ஸம்மா உள்ளங்காலைத் தட்டுவது மட்டும் கேட்டது. வெள்ளையன் என் முகத்தைப் பார்த்து, "ஸ்டார்ட் ஆவலீங்களா?" என்றான். அவன் அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பவன் நான். அன்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு பூனைக்குட்டிபோல ஒரு சத்தம். அடுத்து, ஊரைக் கூட்டுகிற அழுகை. நானும்தான் அழுதேன், அதில் வெட்கமென்ன.

ஜீப் வழக்கம்போல மக்கர் செய்தது. பின்னால் போய்த் தோள் கொடுத்த வெள்ளையன், முகமெல்லாம் கண்ணீரோடு சொன்னான்: "டைவரே, எம் பொண்ணு தள்ளாமலே ஸ்டார்ட் ஆயிட்சுங்க."

வாத்தியார் அடித்துச் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ் எல்லாம் மறந்துவிட்டது, ஓடாத ஜீப் சொல்லிக் கொடுத்த அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம்.