நான் சொன்ன பத்து

பல்கலைக்கழகத்து மிஸ் கணக்கெடுப்புக்காக எங்கள் கொட்டாஞ்சேனை மாடி வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது, நான் மாதா படத்துக்கு விளக்கேற்றி முடித்திருந்தேன். வீட்டில் யார் யார், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்றெல்லாம் கேட்டுக் கையிலிருந்த டேப் கணினியில் பதிந்தார். பிறகு, "அன்ரி, உங்கட வாழ்க்கை உங்களுக்கு எவ்வளவு திருப்தி? பூச்சியத்தில இருந்து பத்துக்குள்ள சொல்லுங்கோ" என்றார்.

"பத்து" என்றேன். ஆண்டவர் தந்த வாழ்க்கையை அந்நியர் முன்னால் குறை சொல்ல எனக்கு வாய் வராது. உள்ளறையில் என் மனுசன் சீனி வருத்தத்தால் ஆறாத காற்புண்ணோடு படுத்திருந்தார்.

இரண்டு கிழமை கழித்து மிஸ் தான் இருக்கும் வெள்ளவத்தையிலிருந்து திரும்ப வந்தார். முகம் வாடியிருந்தது. வீடு தேடி வரும் தாதி எந்தப் பகுதிக்கு முதலில் தேவை என்று, இந்தப் பதில்களை வைத்துத்தான் கம்பியூட்டர் வரிசைப்படுத்துமாம். அதில் எங்கள் மாடி வீடுகள் கடைசியில்.

"இங்க எல்லாரும் பத்து, அன்ரி. நாளைக்கு அறிக்கை அமைச்சுக்குப் போகுது."

"அப்ப நீங்களே மாத்தி விடுங்கோவன்."

"ஐயோ, அது கள்ள வேலை. இத்தினை சொல்லுங்கோ எண்டும் நான் சொல்லேலாது. திரும்பக் கேக்க மட்டுந்தான் ஏலும்."

உள்ளேயிருந்து மனுசன் குரல் கொடுத்தார். "என்ட காலைக் கேளுங்கோ பிள்ளை. அது பூச்சியத்துக்குக் கீழயும் சொல்லும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன முறை கிளினிக்குக்கு அவரை நாலு மாடி இறக்கியபோதுதான் புண் வாய் திறந்தது. இனியும் பழுத்தால் பாதத்தையே எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

மிஸ் கேள்வியைத் திரும்ப வாசித்தார். மாதாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. நன்றி கெட்டவளாகிவிடுவேனோ? ஆனால் அன்று அந்த மாதாவுக்கு முன்னால் நின்று பத்து என்று சொன்னது மட்டும் உண்மையா?

"மூண்டு" என்று சொல்லிச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன்.

மிஸ் அடுத்த வீட்டுக்குப் போகும்போது நானும் கூடப் போனேன். பாதிக் கதவைத் திறந்த அந்த வீட்டு அக்கா டேப்பைக் கண்டதும், "நான் அண்டைக்கே பத்துச் சொல்லிப்போட்டன். சாமி எங்களுக்குக் குறையொண்டும் வைக்கேல்லை" என்றார். அவருடைய மகள் எழும்ப முடியாமல் உள்ளே கிடப்பது இந்த மாடிக்கே தெரியும்.

பேச வேண்டாம் என்று மிஸ் எனக்குக் கண் காட்டினார். அக்கா என்னையே பார்த்தார்.

"நீங்கள் எத்தினை சொன்னனீங்கள்?"

மூன்று விரலை மட்டும் உயர்த்தினேன்.

அக்கா மற்றப் பாதிக் கதவையும் திறந்தார்.