தலையில் ஒரு வெள்ளைப் புள்ளி

பேத்தியின் பள்ளியில் இன்குபேட்டரில் பொரித்த கறுப்புக் குஞ்சுகளைக் காட்டினார்கள். ஒன்றின் தலையில் மட்டும் வெள்ளைப் புள்ளி. "இது சேவல்," என்றேன்.

அறுபதுகளில், புக்கிட் மேரா கம்பத்தில், அந்தக் கிராமத்து வீட்டில், அம்மா சிவப்புச் சேவலையும் வரிக்கோழியையும் சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைப்பார். முழுக் கறுப்பாக இருந்தால் பெட்டை; புள்ளி இருந்தால் சேவல். சேவல் குஞ்சுகளை உடனே விற்றுவிடுவார்.

தம்பி பிறந்து இரண்டே நாளில் இறந்துபோனான். அந்த மாதம், எனக்குப் பிடித்த ஒரு குஞ்சின் புள்ளியைக் கண்மை தடவி மறைத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அது கூவியது. பயந்துபோய் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டி," என்றார். "ஆம்பளப் பிள்ளைன்னு தெரிஞ்சும் கொடுத்தனுப்ப மனசு வரல."

தம்பி போனதிலிருந்து அழாத அம்மா அன்றுதான் அழுதார்.