முட்டி பாக்க வந்த டாக்டரம்மா

எங்க தெருவுல அப்ப ஆம்பளைங்க வாயில ரெண்டே ஊருதான். ஒண்ணு சிங்கப்பூரு, இன்னொண்ணு துபாய். ஒருத்தன் கீழ்வேளூரு சந்தைக்குக் கிளம்புனாகூட, "பாஸ்போர்ட்டு எடுத்துக்கிட்டியாடா"ன்னு கிண்டல் பண்ணுவானுங்க. ஏஜெண்டு வருவான், மெடிக்கல்னு டவுனுக்கு அழைச்சுக்கிட்டுப் போவான். கண்ணு, பல்லு, நெஞ்சு எல்லாம் பாப்பாங்க. ஒரு குறை சொல்லிட்டா போச்சு, திரும்பி வந்து சேத்துல நிக்க வேண்டியதுதான். அதனால டாக்டருன்னு ஒரு ஆளு எதிர நின்னா எங்களுக்கு எந்த வலியும் கிடையாது. பழக்கம் அப்படி.

அந்த நேரம் பாத்து வந்துச்சு அந்த டாக்டரம்மா, மெட்ராஸ்லேருந்து. சின்ன வயசு. கன்னியாஸ்திரிங்க மடத்துல தங்கிக்கிட்டு, அளவு டேப்பும் ஐஸ் பெட்டியுமா வீடு வீடா வருது. வைத்தியத்துக்கு இல்ல, ஆராய்ச்சிக்கு. முட்டியில ரெண்டு எலும்பு சேர்ற எடத்துல வழவழன்னு ஒரு ஜவ்வு இருக்காம். அது வயசானா தானா தேயுதா, இல்ல உள்ள வீக்கம் கண்டு அந்த வீக்கம் அதை அரிக்குதான்னு பாக்கணுமாம். அதுக்கு, காலம்பூரா சேத்துல நின்ன முட்டி வேணும்.

எங்ககிட்ட இல்லாத முட்டியா? என்னுது அப்பவே பனங்கா சைஸு. காலையில நான் எந்திரிக்கறப்ப அது போடுற சத்தத்துல கோழி மிரண்டு ஓடும். அந்தக் கோழியும் ஒரு தனிக் கதை, விடுங்க.

"அண்ணே, முட்டி வலி இருக்கா?"ன்னு கேட்டுச்சு.

"வலியா? எனக்கா? இல்லீங்க"ன்னேன். சொன்னதோட விட்டேனா, குந்தி எந்திரிச்சு வேற காமிச்சேன். பக்கத்து வீடு என் மச்சினன், பொண்டாட்டிக்குத் தம்பி. அவன் எனக்கு மேல. வாய்க்காலைத் தாண்டிக் குதிச்சுக் காமிச்சான். குதிச்சவன் அந்தக் கரையிலயே நின்னுட்டான், திரும்பி வர முடியல. "காத்து வாங்குறேம்மா"ங்கிறான்.

அவன்தான் தெரு முழுக்கச் சொல்லி வச்சிருந்தான். "மாமா, டேப்பு வச்சு அளக்குது பாத்தீங்களா? இது வெளிநாட்டு மெடிக்கல். ஆராய்ச்சின்னு சும்மா சொல்லுது."

என் வீட்டுக்காரி தலையில அடிச்சுக்கிட்டா. "உங்களை எவன் தூக்கிக்கிட்டுப் போறான்? ஏரோப்ளேன் படி ஏத்தவே ரெண்டு ஆளு வேணும்."

சனிக்கிழமை சாயங்காலம் டாக்டரம்மா வாய்க்கா மதகுல தனியா உக்காந்திருந்துச்சு. மூஞ்சி செத்துப் போச்சு. "அண்ணே, இந்த ஊருல யாருக்குமே வலி இல்லைங்கறாங்க. திங்கக்கிழமை பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எங்க பெரிய டாக்டரு இந்த வேலையையே வேற ஆளுகிட்ட குடுத்துடுவாரு. வருஷக்கணக்கா இதுக்குத்தான் படிச்சேன்"னுச்சு.

எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. உண்மை வாய் வரைக்கும் வந்துச்சு. சிங்கப்பூரு அதைப் புடிச்சு உள்ள தள்ளிருச்சு.

மறுநா ஞாயித்துக்கிழமை. சிஸ்டருங்க டாக்டரம்மாவைப் பூசைக்கு அழைச்சுக்கிட்டு வந்து பின்னாடி உக்கார வச்சாங்க. எங்க மாதா கோயில்ல பெஞ்சு கிடையாது, தரைதான். சாமியாரு அப்பத்தைத் தூக்கிக் காமிச்சாரு, மணி அடிச்சுச்சு. அந்த நேரம் எல்லாரும் முட்டி போடணும். டாக்டருகிட்ட பொய் சொல்லலாம். நற்கருணைக்கு எதிர சப்பணம் போட்டு உக்காந்திருக்க முடியுமா?

கோயிலே அமைதி. அந்த அமைதியில மளுக்கு மளுக்குன்னு காஞ்ச மூங்கி ஒடியற மாதிரி சத்தம். "மாதாவே"ன்னு ஒரு முனகல், "யேசுவே"ன்னு ஒண்ணு. ஒருத்தன் தூணைப் புடிக்கிறான், ஒருத்தி முன்னாடி இருக்கறவ தோளைப் புடிக்கிறா. வாய்க்கா தாண்டுன வீரன் பாதியில மாட்டிக்கிட்டான், மேலயும் வரல, கீழயும் போகல. நான் அவனைப் புடிச்சேன், அவன் என்னைப் புடிச்சான், ரெண்டு பேருமா முட்டி போட்டோம். போட்டோம்னு சொல்றது மரியாதைக்கு. விழுந்தோம்.

திரும்பிப் பாத்தேன். டாக்டரம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு குலுங்கிக்கிட்டு இருந்துச்சு.

பூசை முடிஞ்சதும் வாசல்ல மறிச்சுக்கிட்டு நின்னுச்சு. "நான் வெளிநாட்டுக்கு ஆள் எடுக்க வரலைங்க! சிஸ்டரு இப்பத்தான் விஷயத்தைச் சொன்னாங்க. எனக்குக் கெட்ட முட்டிதான் வேணும்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே"ன்னான் மச்சினன்.

"மொதல்லேருந்து அதைத்தானேண்ணே சொல்றேன்!"

திங்கக்கிழமை அது பெட்டியைக் கட்டல. மடத்து வராந்தாவுல வரிசை நின்னுச்சு. நேத்து வரைக்கும் குதிச்சவனுங்க, "என்னுது உன்னுதைவிட மோசம்டா"ன்னு சண்டை. என் முட்டியில ஊசி போட்டுத் தண்ணி எடுத்து, ஒரு சொட்டை ரெண்டு வெரலுக்கு நடுவுல வச்சு இழுத்துப் பாத்துச்சு. "நல்ல முட்டின்னா இது வெளக்கெண்ண மாதிரி நூலு விடும்ண்ணே. உங்களுது தண்ணியாட்டம் இருக்கு. உள்ள வீக்கம் இருக்கு"ன்னுச்சு. அது மொகத்துல அவ்வளவு சந்தோஷம். என் முட்டி கெட்டதுக்கு அப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நான் அப்புறம் பாக்கவே இல்ல.

மிச்சத் தண்ணியை ஒரு கண்ணாடிக் குழாயில அடைச்சு ஐஸ் பெட்டியில வச்சு மூடுச்சு. "இது எங்கம்மா போவுது?"ன்னு கேட்டேன்.

"பாதி மெட்ராஸ்ல இருக்கும். மீதியை வெளிநாட்டு லேபுக்கு அனுப்புவோம்."

பக்கத்துல நின்ன வீட்டுக்காரி ஐஸ் பெட்டியைப் பாத்தா, என்னைப் பாத்தா.

"பரவால்லையே, முட்டித் தண்ணியாவது ஏரோப்ளேன் ஏறுது"ன்னா.