ஏட்டையா குடித்த காப்பி

பச்சைச் சாயம் எனக்கு இன்றைக்கும் ஆகாது. ஆகஸ்ட் மாதம் பேத்தி மாடியில் கொடி கட்டும்போது கை தட்டுவேன், கண்ணை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொள்வேன். தொண்ணூறைத் தாண்டிய கிழவிக்குக் கொடியைப் பார்த்து என்ன பயம் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். சுதந்திரத்துக்குத் தொண்டு செய்த குடும்பம் என்று எங்களுக்குப் பொன்னாடையெல்லாம் போர்த்தியிருக்கிறார்கள். மேடையில் பேசுகிறவர்கள் 'அஞ்சாத நெஞ்சம்' என்பார்கள். அஞ்சாத நெஞ்சமாவது! நானும் மதினியும் நடுங்கிய நடுக்கம் எங்களுக்குத்தான் தெரியும்.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசி வருடங்கள் அவை. தூத்துக்குடியில் அண்ணனுக்கு மொத்தக் கருப்பட்டிக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அண்ணன் மனைவியைத்தான் மதினி என்கிறேன். கைக்குழந்தைக்காரி, பல்லி விழுந்தாலே அலறுகிறவள். அவளும் நானும் கதர்த் துணியைச் சாயத்தில் முக்கிக் கொடி தைப்போம். வீட்டில் கொடி அகப்பட்டால் அண்ணனுக்கு ஜெயில் நிச்சயம். அவர் ஓலைப்பெட்டியின் அடியில் கொடியை வைத்து, மேலே ஓலை பரப்பி, அதன்மேல் கருப்பட்டி அடுக்கி, எட்டயபுரத்துக்கும் புதுக்கோட்டைக்கும் சரக்கோடு சரக்காக அனுப்பிவிடுவார். சாயம் விற்கிறவர் ஒவ்வொரு தடவையும் மதினியை எச்சரிப்பார்: "பச்சை விஷம் தாயி, கையை வாயில வச்சிராத."

மழைக்காலத்துக் கடல்காற்றில் கருப்பட்டி கசியும் என்பது கருப்பட்டிக் கடைக்காரர்களுக்குத் தெரியாததா? அவசரத்தில் மூன்று பேருமே மறந்துபோனோம். முந்தின நாள் ஒரே ஒரு வரிசை அடுக்கி, மிச்சத்தைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கொடி வைத்த ஒரு பெட்டியை அப்படியே கடையில் விட்டுவிட்டோம்.

காலையில் ஏட்டையா வந்தார். துறைமுகத்துப் பக்கம் யாரோ கொடி ஏற்றியிருந்தார்கள். "இந்தத் தெருவுலதான் கொடி தைக்குதாங்கன்னு பேச்சு அடிபடுது அண்ணாச்சி. ஆள் மட்டும் கையில சிக்கட்டும், களி திங்க வச்சிருதேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். எங்கள் கடைக்கு யார் வந்தாலும் கருப்பட்டிக் காப்பி உண்டு. அவர் பக்கத்திலிருந்த அந்தப் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு கருப்பட்டியை எடுத்து, பார்க்காமலேயே மதினியிடம் நீட்டினார். "இதையே போட்டுக் கொண்டா தாயி."

அதன் அடிப்பக்கம் பச்சையாக இருந்தது.

மதினி உள்ளங்கையில் அதை மூடிக்கொண்டாள். அடுப்போ அவர் கண்ணுக்கு நேரே இருக்கிறது. வேறு கருப்பட்டி எடுத்தால் ஏன் என்று கேட்பார், அண்ணனுக்குக் களி. எடுக்காவிட்டால் இந்த மனுஷன் பிழைப்பாரா? நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மதினி அந்தக் கருப்பட்டியையே கொதிக்கும் தண்ணீரில் போட்டாள். காப்பியை வடித்தவள், முதலில் தான் ஒரு வாய் குடித்தாள். தான் குடிக்காததை அடுத்தவருக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. "இனிப்பு பாத்தேன், ஏட்டையா" என்று நீட்டினாள். அவர் முழுதும் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு போனார்.

அண்ணன் தப்பித்தோம் என்றார். மதினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அந்த மனுசன் செத்துட்டாருன்னா? அவருக்கும் புள்ளகுட்டி இருக்கும்லா?" குழந்தை பசியில் கத்தியது. நான் தூக்கிக்கொண்டு போனேன். "புள்ளய இங்கன கொண்டு வராத ஏளா, என் உடம்புல விஷம் இருக்கு" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். ஆட்டுப்பாலைக் குழந்தை துப்பியது. பால் கட்டி நெஞ்சு வலிக்கிறது என்று உள்ளே அவள் முனகுவது வெளியே கேட்டது. அவள் செத்துப்போவாளோ, ஏட்டையா செத்துப்போவாரோ, பிள்ளை பட்டினியில் போய்விடுமோ என்று ஒவ்வொருவருக்காகவும் மாறி மாறிப் பயந்தேன்.

மறுநாள் கடை திறந்ததும் மதினி வந்து தெருவையே பார்த்து நின்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் குடித்தது ஒரு வாய்தானே. கடைசியில் தெருமுனையில் சிவப்புத் தொப்பி தெரிந்தது. எந்தத் தொப்பியைக் கண்டால் உள்ளே ஓடுவோமோ, அதே தொப்பியைப் பார்த்து மதினி கையெடுத்துக் கும்பிட்டாள். "நேத்துக் காப்பி நல்லா இருந்துச்சு அண்ணாச்சி" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், மதினி என் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பிடுங்கி, சாக்கு மறைவில் தரையிலேயே உட்கார்ந்து மாரோடு சேர்த்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஏட்டையாவுக்கு நான்தான் காப்பி போட்டேன். கருப்பட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.