தொப்பி மாறிய ராஜா: செமினியிலிருந்து கிள்ளானுக்கு ஒரு சதுரங்கப் பெட்டியோடு

என் சித்தி மாஸ்கோவில் மருத்துவம் படித்தபோது, அங்கே ஒரு பழைய பொருள் சந்தையில் சோவியத் காலத்து மரச் சதுரங்கக் காய்களை வாங்கினார். வார்னிஷ் கறுத்து, ஒரு குதிரைக்குக் காது உடைந்து, அடியில் ஒட்டிய துணி பூச்சி அரித்துக் கிடந்தது. "நீதான் எதையும் புக் படிச்சு செய்வியே, இதச் செஞ்சு குடு," என்று இரண்டு மாதத்துக்கு முன் என்னிடம் கொடுத்தார். இப்போது அவருக்குக் கடல் தாண்டித் தாவாவ் மருத்துவமனைக்கு மாற்றல். ஞாயிறு காலை விமானம். ஆகவே சனிக்கிழமையே கிள்ளானில் கடைசி பாலிஷை முடித்து, மாலை ஐந்துக்குள் பிரிக்பீல்ட்ஸில் சித்தி வீட்டில் ஒப்படைக்க வேண்டும். இதுதான் பயணத்தின் காரணம்.

வேலையில் பெரும்பகுதியை வீட்டிலேயே முடித்திருந்தேன். பழைய வார்னிஷை எடுத்து, நானூறாம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, குதிரைக் காதை மரத்தூளும் பசையும் கலந்து செய்தேன். ஒரு பெரிய பிழையையும் கண்டுபிடித்தேன். கறுப்பு ராஜாவுக்கும் கறுப்பு பிஷப்புகளுக்கும் தலையில் வெள்ளைக் குமிழ். வெள்ளை ராஜாவுக்கும் வெள்ளை பிஷப்புகளுக்கும் கறுப்புக் குமிழ். யாரோ மாற்றி மாட்டிவிட்டார்கள்! ஆறையும் கவனமாகக் கழற்றி, அதனதன் நிறத்துக்கு மாற்றி, சூப்பர் குளூ போட்டு ஒட்டினேன். மொத்த வேலையிலும் எனக்கு அதிகப் பெருமை அதில்தான்.

காலை 7.15க்குச் செமினியிலிருந்து நானும் அப்பாவும் கிராப் கார் பிடித்தோம். காஜாங் நிலையத்துக்குப் பதினான்கு ரிங்கிட். அங்கிருந்து கொமுட்டர் ரயில், கே.எல். சென்ட்ரலில் மாறிக் கிள்ளான். வார இறுதியில் ரயில்கள் அரைமணிக்கு ஒன்றுதான், அட்டவணை பார்த்துப் போங்கள். மாணவர் கார்டு இருந்தால் பாதிக் கட்டணம். அப்பா அவசரத்தில் இளஞ்சிவப்பு நிறப் பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "அங்கிள், பிங்க் கலர் உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா பக்கத்துப் பெட்டி லா," என்று ஓர் அக்கா சொன்ன பிறகுதான் எழுந்தார்.

கிள்ளானில் இறங்கியபோது மணி 10.05. லிட்டில் இந்தியா வழியாக நடந்தால் பத்து நிமிடம். ஒரு துணிக்கடையில் காய்களின் அடியில் ஒட்டப் பச்சை ஃபெல்ட் துணி ஐந்து ரிங்கிட்டுக்கு வாங்கினோம். பின்தெருவில் பரீதா அக்காவின் பாலிஷ் கடை. நாற்காலி, அலமாரிதான் அவருக்குத் தொழில். ஒரு பூச்சு காயும்வரை கைப்பேசியில் சதுரங்கம் ஆடுவார். பெட்டியைத் திறந்ததும் ஒரு பிஷப்பை எடுத்துப் பார்த்தார்.

"யாரு தங்கச்சி இந்த மண்டையெல்லாம் மாத்துனது?"

"நான்தான் அக்கா. யாரோ தப்பா மாட்டியிருந்தாங்க. சரி பண்ணிட்டேன்."

"ஐயோ, ரஷ்யாக்காரன் அப்படித்தான் செய்வான் லா! கறுப்புக்கு வெள்ளத் தல, வெள்ளைக்குக் கறுப்புத் தல. அதுதானே அழகே!" கைப்பேசியில் படம் படமாகக் காட்டினார். எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது. மர பாலிஷ் பற்றி இரண்டு புத்தகம் படித்த நான், இந்தக் காய்களின் ஒரு படத்தைக்கூடத் தேடிப் பார்க்கவில்லை.

"ரெண்டு மாசம் உக்காந்து, சரியா இருந்தத தப்பாக்கியிருக்கா," என்றார் அப்பா.

"அங்கிள், நீங்க போய் தே தாரிக் டீ குடிங்க. தங்கச்சி, எதுல ஒட்டுன?"

"சூப்பர் குளூ."

"அடியே!"

இழுத்தால் உள்ளே இருக்கும் மரக்குச்சி ஒடியும். அதனால் பசையைக் கரைக்கும் அசிட்டோனை ஊசியில் எடுத்து, இணைப்பில் மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டார். நான் காயைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நான்கு பிஷப்புகளின் குமிழ்கள் வந்தன. வெள்ளை ராஜாவுடையதும் வந்தது. கறுப்பு ராஜா மட்டும் அசையவில்லை. கழுத்தில் கறுப்புச் சாயம் கரையத் தொடங்கியதும் அக்கா ஊசியைக் கீழே வைத்தார். "இதுக்கு மேல போனா கழுத்தே போயிடும்."

பிஷப்புகளுக்கு உரிய தலைகளைத் திரும்ப மாட்டி, முப்பத்திரண்டு காய்களுக்கும் பாலிஷ் தடவி, அடியில் பச்சைத் துணி ஒட்டி முடிக்க மணி மூன்று. கூலி முப்பது ரிங்கிட். கையில் மிஞ்சியது வெள்ளை ராஜாவின் தலையில் நான் ஒட்டிய வெள்ளைக் குமிழ். அங்கே இருக்க வேண்டிய கறுப்புக் குமிழோ கறுப்பு ராஜாவை விட்டு வர மாட்டேன் என்கிறது.

ரயிலில் அப்பா மெதுவாகச் சொன்னார்: "வெள்ளைய வெள்ளையிலேயே திரும்ப ஒட்டிடு. ரெண்டு ராஜாவும் ஒரே மாதிரி ஆயிடும். சித்திக்கு எங்க தெரியப்போவுது?" பாதி வழியில் சுபாங் ஜெயா வரும்வரை அதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் சித்தியின் வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். சித்தி காய்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார், குதிரைக் காதைத் தடவினார். "ஏய், புதுசா இருக்குடி!" என்றார். பிறகு தலையில்லாத வெள்ளை ராஜா கைக்கு வந்தது. நான் உள்ளங்கையை விரித்துக் குமிழைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன்.

சித்தி குமிழை எடுத்துப் பார்த்தார். "நானும் யாரோ மாத்தி மாட்டிட்டாங்கன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்," என்றார். "ஆனா பாக்க நல்லா இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்." பிறகு குமிழை என் கையிலேயே வைத்து மூடினார். "இத நீ வெச்சுக்க. தாவாவ் வரும்போது கொண்டா. ரெண்டு பேரும் உக்காந்து மாட்டலாம்."

பழைய காய்களைச் சீர்செய்ய நினைப்பவர்களுக்கு: எதையும் கழற்றுமுன் படம் எடுங்கள், அதே வகைக் காய்களின் படங்களையும் தேடிப் பாருங்கள். சூப்பர் குளூ வேண்டாம். மறுபடி கழற்றக்கூடிய பசைதான் நல்லது. கிள்ளானுக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

வெள்ளை ராஜா இப்போது தாவாவில் மொட்டைத் தலையோடு நிற்கிறார். அவருடைய தொப்பி கறுப்பு ராஜாவின் தலையில்; கறுப்பு ராஜாவின் தொப்பி செமினியில், என் பென்சில் பெட்டியில் இருக்கிறது. டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு விமானக் கட்டணம் எவ்வளவு என்று அப்பா நேற்றுத் தானாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.