டிரெக்டர் தில்லையம்பலம்

லண்டனில், கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில் தில்லையம்பலத்தின் கடை இருந்தது. 1987இல் தொடங்கியபோது பலகையில் அவருடைய பெயர் மட்டும்தான். அரிசி, மா, கருவாடு, ஐஸ் மீன். மூன்று வருடம் கடைக்காரராக இருந்ததில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

தங்கை கனகாம்பிகைக்குக் கலியாணம் பேசியபோதுதான் அது தெரிந்தது. மாப்பிள்ளை என்ஜினியர். ஆர்ச்வே முருகன் கோயில் வாசலில் மாப்பிள்ளையின் தாய், "தமையன் கடையோ வச்சிருக்கிறார்?" என்று கேட்டார். அந்தக் 'கடையோ' இரண்டு நாளாக அவரை அரித்தது.

மூன்றாம் நாள் கணேசலிங்கத்திடம் போனார். ஊரில் ஒரே வகுப்பில் படித்தவன், இங்கே ஒரு கணக்காளரின் அலுவலகத்தில் வேலை.

"லிமிற்றட் கொம்பனியாப் பதிவம். பிறகு நீ டிரெக்டர். கார்டிலையும் போடலாம்."

"கடை அதே கடைதானேடா."

"சனம் கார்டைத்தானே வாசிக்கப்போகுது."

கொம்பனி பதிவானது. குத்தகை, வங்கிக் கணக்கு, காப்புறுதி எல்லாம் அதன் பெயருக்கு மாறின. நீட்டிய இடமெல்லாம் கையெழுத்துப் போட்டார். கலியாணம் குறையில்லாமல் நடந்தது.

1992 நவம்பரில், கடை பூட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிர்பெட்டிக்குப் பின்னால் வயர் பற்றியது. சுவர்கள் மட்டும் மிஞ்சின. காப்புறுதிக்காரர் வந்து படம் எடுத்தார்கள், நட்டத்தை ஒப்புக்கொண்டார்கள். காசோலைக்குக் காத்திருந்த மார்ச் மாதத்தில், அந்தக் காப்புறுதிக் கொம்பனியே முறிந்துவிட்டதென்று கடிதம் வந்தது.

"பயப்பிடாதை," என்றான் கணேசலிங்கம். "அதுக்கெண்டு இஞ்சை சட்டம் இருக்கு. எழுபத்தைஞ்சிலை கொண்டுவந்தது. மற்ற இன்சூரன்ஸ்காரரிட்டை அறவிட்டு, நூற்றுக்குத் தொண்ணூறு குடுப்பினம்."

அன்றைக்குத்தான் மனைவி சிவமலர் பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தாள். மறுநாள் தில்லையம்பலம் கருகிய கடைக்குள் போய், புதுத் தட்டுகளுக்கு அளவெடுத்துக்கொண்டு வந்தார்.

மே மாதம், அந்தப் பணத்தைக் கொடுக்கும் சபையிடமிருந்து விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. கணேசலிங்கம் இரண்டு தரம் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான்.

"தனி ஆக்களுக்குத்தானாம். பங்காளியள் சேர்ந்து நடத்தினாலும் குடுப்பினமாம். லிமிற்றட் கொம்பனிக்கு இல்லையாம்."

"நான் தனி ஆள்தானே."

"நீ தனி ஆள். பொலிசி உன்ரை பேரிலை இல்லை."

"கொம்பனி எண்டால் ஆரடா? நானும் சிவமலரும்."

"சட்டத்துக்கு அது வேறை ஆள்."

"அந்த ஆளை நான் ஒருநாளும் காணேல்லையே."

கணேசலிங்கம் சிரிக்கவில்லை. "எனக்கும் தெரியாது மச்சான். தெரிஞ்சால் சொல்லியிருப்பனே," என்றான். அவன் சொன்னது உண்மை என்பது தில்லையம்பலத்துக்குத் தெரிந்தது. கோபிப்பதற்கும் ஆளில்லை.

ஆனாலும் அந்தச் சபைக்குத் தொலைபேசி எடுத்தார். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது, வருந்துகிறேன் என்றாள். முறிந்த கொம்பனியின் சொத்தை விற்றபின் ஏதாவது மிஞ்சினால் பிறகு ஒருநாள் வரலாம். எப்போது என்று அவளுக்கும் தெரியவில்லை. ஜூன் முடிய முன்னர் கட்டிடச் சொந்தக்காரர் குத்தகையை முடித்து, கடைத் திறப்பை வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு கனகாம்பிகை ஹரோவிலிருந்து வந்தாள். வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"அண்ணை, அந்த இன்சூரன்ஸிலை இருந்த மற்ற ஆக்களுக்குக் கிடைக்குதாம். இவர் பேப்பரிலை வாசிச்சவர். உங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?"

தேத்தண்ணி கொண்டுவந்த சிவமலர் வாயைத் திறந்தாள். தில்லையம்பலம் அவளைப் பார்த்தார். அவள் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"ரெண்டு மாசம் கட்ட மறந்துபோனன்."

"மறந்தனீங்களோ?"

"ஓம்."

"இப்பிடியும் ஒரு கவலையீனமோ அண்ணை? அண்ணி, நீங்களாவது ஞாபகப்படுத்தியிருக்கக் கூடாதோ? இனி ஆரை நோகிறது?"

அவள் நிறுத்தவில்லை. தேத்தண்ணி ஆறியது. அவளுக்காகத்தான் பொய் சொன்னாரா, ஒரு கேள்விக்கு ரோசப்பட்டுக் கடையைத் தொலைத்த கதை வெளியே வராமலிருக்கவா என்று தில்லையம்பலத்துக்கே பிடிபடவில்லை. தலையைக் குனிந்தபடி, அவள் ஏசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.